அசையாதே மதலைமுத்து பிடித்த சடுகுடு

செஞ்சி கடைத்தெருவில் லூர்து ஸ்டூடியோ வைத்திருந்த மதலைமுத்துவுக்கு ஊர் வைத்த பெயர் 'அசையாதே'. பாவம், அவரே உழைத்துச் சம்பாதித்த பட்டம் அது. ஆளை நாற்காலியில் உட்கார வைப்பார், மோவாயைத் தொட்டு நிமிர்த்துவார், இரண்டு எட்டு பின்னால் போய் "அசையாதே!" என்று ஒரு அதட்டல் போடுவார். கல்யாண மாப்பிள்ளை, மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய பிள்ளை, ஊரையே மிரட்டும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, எல்லாரும் அந்தக் குரலுக்குக் கல்லாய்ச் சமைந்தவர்கள்தான்.

செத்தவர்களையும் அவர்தான் பிடிப்பார். நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, படம் எடுத்து, மூடின கண்ணின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண்ணை வரைந்து கொடுப்பார். "மதலைக்குப் பொணம்னா கொண்டாட்டம்பா, அசையவே அசையாது" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். எதை வேண்டுமானாலும் சிரித்து விழுங்குகிற மதலைமுத்துவுக்கு அது மட்டும் தொண்டையில் நின்றது.

சீனாக்காரன் சண்டை ஓய்ந்த மறுவருஷம், தை மாதத்தில் ஒருநாள், கூலி வேலைக்குப் போகும் காத்தாயி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். அவள் மகன் பொன்னுசாமிதான் செஞ்சி சடுகுடு அணியின் உயிர்.

"போட்டோக்காரரே, எம் புள்ள பட்டாளத்துல சேந்துட்டான். ஞாயித்துக்கெழம திண்டிவனத்தாங்களோட ஆடிட்டு மறுநாளே கெளம்புறான். அவன ஒரு படம் புடிச்சிக் குடு."

"அதுக்கு இன்னாம்மா, கூட்டிட்டு வா. ஜோரா உக்கார வெச்சிப் புடிச்சித் தரேன்."

"உக்கார வெச்சி அவங்க நைனாவப் புடிச்சியே, அது போதும்." காத்தாயி குரல் உயரவில்லை. "செத்த மனுசனுக்குக் கண்ணு வரஞ்சி குடுத்தே. அந்தக் கண்ணு என்னப் பாக்கவே மாட்டேங்குது. எம் புள்ளைய உசுரோட புடிச்சிக் குடு. ஆடறப்பப் புடி. நானு கழனியில நின்னு கூச்சல் கேட்டதோட சரி, அவன் ஆடி ஒருநாளும் பாத்ததில்ல."

மதலைமுத்து "புடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடுகிற எதையும் அவர் இதுவரை பிடித்ததில்லை!

அவரிடம் இருந்தது ஒரு இரட்டைக் கண் கேமரா. புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. மேல் மூடியைத் திறந்து குனிந்தால் உள்ளே கண்ணாடியில் உருவம் தெரியும். ஆனால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். உட்கார்ந்திருப்பவரைப் பிடிக்க அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஓடுகிறவனைப் பிடிக்கப் போனால்தான் சனி பிடித்தது. அவன் கிழக்கே ஓடினால் கண்ணாடியில் மேற்கே ஓடுவான். போதாக்குறைக்கு, மூடியின் முன் தகடு லொடலொடவென்று உள்ளே மடிந்து விழும். பழுதானதைத் தலையில் கட்டிவிட்டான் என்று பிரெஞ்சுக்காரரைத் திட்டித் திட்டியே மதலைமுத்து அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

மெட்ராஸ் பத்திரிகைக்காரர்கள் கோட்டைப் பீரங்கி மாதிரி நீள லென்ஸ் வைத்துக்கொண்டு எட்ட நின்றே ஆட்டத்தைப் பிடிப்பார்களாம். நம்மாளுக்கு அதெல்லாம் ஏது? பஸ் ஸ்டாண்டுக்குப் போய், உள்ளே வரும் பஸ்களைப் பிடித்துப் பழகினார். படத்தைக் கழுவிப் பார்த்த மனைவி அமலோற்பவம், "இன்னாங்க இது, பஸ்ஸு பூடுச்சி, பொகை மட்டும் இருக்குது?" என்று கேட்டாள்.

பயிற்சி ஆட்டத்துக்குப் போனார். அங்கே அதைவிட மோசம். பொன்னுசாமி பாடிக்கொண்டு பாய்ந்த நேரத்தில், பழக்க தோஷம், "அசையாதே!" என்று அதட்டிவிட்டார். பொன்னுசாமியும் சின்ன வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன்தானே? அப்படியே நின்றான். நாலு பேர் அவனை அமுக்கிவிட்டார்கள்.

அணித் தலைவன் பெரியதம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, உங்க வாயி ஒண்ணு போதும், எதிராளியே வேணாம். ஞாயித்துக்கெழம வந்தா வாயக் கட்டிக்கினு வாங்க!"

மதலைமுத்து அப்படியே செய்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு கோட்டை அடிவாரத்து மைதானத்துக்குப் போய்விட்டார். அவருடைய லென்ஸ் கிட்டத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். அதனால் நடுக்கோட்டின் ஓரத்திலேயே மண்ணில் குந்தி, கோடு தெளிவாகத் தெரியும்படி லென்ஸைத் திருகி வைத்துக்கொண்டார். எங்கே சுற்றினாலும் பொன்னுசாமி கடைசியில் இந்தக் கோட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்!

ஆட்டம் தொடங்கியது. அப்பப்பா, என்ன கூச்சல்! என்ன புழுதி! குனிந்து கண்ணாடியைப் பார்த்தபடி கேமராவைத் திருப்புவார். பொன்னுசாமி எதிர்ப்பக்கம் போயிருப்பான். ஒரு தடவை நடுவரின் முதுகு, ஒரு தடவை வெறும் மண், ஒரு தடவை யாரோ ஒருவருடைய கால். பிலிம் சுருளில் இன்னும் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் மிஞ்சியது. இரண்டு அணியும் சமம். கடைசியாகப் பாடிப் போகும் முறை பொன்னுசாமியுடையது.

"சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு எதிர்க்களத்தில் நுழைந்தான். கூட்டம் முன்னால் சரிந்தது. எவனுடைய முழங்கையோ கேமராவின் தலையில் மடேரென்று இடித்தது. வியர்வையில் ஊறியிருந்த பிளாஸ்திரி பிய்ந்து, தகடு உள்ளே விழுந்து, கண்ணாடியை மறைத்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. குடி முழுகிப் போச்சு! காத்தாயிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்ததும் மதலைமுத்துவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தார். தகடு விழுந்த இடத்தில் சதுரமாக ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பின் தகட்டில் அதற்கு நேராக ஒரு சின்னத் துளை. கேமராவைத் தூக்கி அந்தத் துளையில் கண்ணை வைத்தார். ஜன்னலுக்குள் பொன்னுசாமி! கிழக்கே ஓடினால் கிழக்கே, மேற்கே திரும்பினால் மேற்கே! ஐயோ, ஓடுகிறவனைப் பார்ப்பதற்கென்றே வைத்த ஜன்னலையா இத்தனை வருஷம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம்? பிரெஞ்சுக்காரரிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பொன்னுசாமி ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். ஒருவன் காலைப் பிடித்தான், ஒருவன் இடுப்பைக் கட்டினான். அந்த மூவரையும் இழுத்துக்கொண்டு, மூச்சு விடாமல், கோட்டை நோக்கிக் கையை நீட்டி எகிறினான் பொன்னுசாமி. மதலைமுத்துவின் விரல் தானாக அழுத்தியது. உடனே கைக்குட்டையைத் துப்பினார்.

"அசைடா! பொன்னுசாமி, அசைடா!"

கை கோட்டில் விழுந்தது. செஞ்சி ஜெயித்தது. 'அசையாதே' மதலைமுத்து 'அசைடா' என்று கத்தியதைக் கேட்டவர்கள் அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், தொட்டியில் மிதந்த தாளில் மெல்ல மெல்ல ஒரு முகம் வந்தது. மதலைமுத்து குதித்தே விட்டார். "அசையாதீங்க, தண்ணி சிந்துது!" என்று அமலோற்பவம் அதட்டினாள். அதட்டிவிட்டு அவளே படத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையில் காத்தாயி வந்தாள். பின்னால் டிரங்குப் பெட்டியோடு பொன்னுசாமி. படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அதில் பொன்னுசாமி அந்தரத்தில் இருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, வாய் பாடிக்கொண்டிருந்தது, கண் பிதுங்கி நேரே பார்த்தது. நீட்டிய கைவிரல்கள் மட்டும் வேகத்தில் கலைந்து, புகை மாதிரி இருந்தன.

அவள் அந்த விரல்களையே பார்ப்பதை மதலைமுத்து கவனித்தார். "வெரலு கொஞ்சம் அசைஞ்சிட்டுது. இரு, ஒரு நிமிசம், சரி பண்ணித் தரேன்" என்று தூரிகையை எடுத்தார்.

காத்தாயி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கைய வெக்காதே, போட்டோக்காரரே. அசையட்டும்."