பார்த்ததை மட்டும் எழுதிய பென்சில்

என் மேசை இழுப்பறையில் சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில் ஒன்று கிடக்கிறது. நான் இப்போது பொறுப்பில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் எண்களை இயந்திரமே அச்சடித்து விடுகிறது. அதனால் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தப் பென்சில் ஒரு வேடிக்கை. "மேடம், மியூசியத்துக்குக் குடுத்துடலாமா?" என்று கேட்பார்கள். கொடுக்க மாட்டேன். முன்பு காரைக்காலில், இப்போது மூடிக் கிடக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், என்னோடு வேலை பார்த்த டெக்னீஷியனுடையது அது.

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் பளபளக்கும் கருவிகள்தான் என்று ஊரில் நினைக்கிறார்கள். அதில் பாதி அடுப்படி வேலை. உடம்பிலிருந்து எடுத்த கட்டியைத் துளையிட்ட சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஆல்கஹாலில் ஊற வைத்து நீரை வெளியேற்றி, உருகிய மெழுகில் தோய்த்துக் கட்டியாக்க வேண்டும். பிறகு அதை முடியைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்க விட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்திச் சாயம் ஏற்ற வேண்டும். போலகத்து விவசாயக் குடும்பத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போன அந்த டெக்னீஷியன் சீவினால் ஒரு சுருக்கம் விழாது. முனைவர் பட்டம் வாங்கிய நான் சீவினால் கிழிந்து போகும். பெட்டியின் மேல் எண்ணைப் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பேனா மை ஆல்கஹாலில் கரைந்து விடும்.

தெரிந்தேதான் அந்தத் தப்பைச் செய்தேன். பென்சில் முனை ஒடிந்து விட்டது, வெள்ளைக் கோட்டுப் பையில் பேனா இருந்தது, அப்புறம் மாற்றி எழுதிக் கொள்ளலாம் என்று நினைத்து மறந்தும் போனேன். மறுநாள் காலையில் இரண்டு பெட்டிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. இரண்டும் மார்பிலிருந்து எடுத்தவை. ஒன்று கோட்டுச்சேரிமேட்டு மீன்காரம்மாவுடையது. மற்றது பிரெஞ்சு அரசிடம் பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டு அம்மாவுடையது. பட்டாணி அளவே இருந்த கட்டிகள் என்பதால் மிச்சம் வைக்காமல் முழுதையும் பெட்டியில் வைத்திருந்தேன். இருவர் உடம்பிலும் மறுபடி எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை. சாயம் ஏற்றிப் பார்த்தபோது ஒன்று வெறும் கொழுப்புக் கட்டி, மற்றது புற்று. யாருக்குச் சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் அதிகம் யோசிக்கவில்லை. "மீன்காரம்மாவோட கட்டிதான் கெட்டியா இருந்துச்சின்னு சர்ஜன் சொன்னாரு. புற்று அதுதான். நம்பர போட்டு அனுப்புங்க" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. டெக்னீஷியன்தான் நிமிர்ந்தார். "பாத்தத எழுதுவேன் சார். நெனச்சத எழுத மாட்டேன்." வேலை வேண்டுமா வேண்டாமா என்று தலைவர் கேட்டார். டெக்னீஷியன் பென்சிலை நீட்டி, "அப்ப நீங்களே எழுதி, பக்கத்துல கையெழுத்தும் போட்ருங்க சார்" என்றார். தலைவர் பென்சிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அறைக்குள் போய் விட்டார். டெக்னீஷியன் மேசையில் வைத்த பென்சிலை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரே வழி இருந்தது. இருவரிடமும் ரத்தம் எடுத்து, அதன் மரபணுவை மெழுகுக்குள் இருக்கும் திசுவின் மரபணுவோடு ஒப்பிட வேண்டும். அதற்கு முதலில் அவர்களிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். "நாம போயி சொல்லுவோங்க மேடம். அவங்க ஒடம்பு அது" என்று டெக்னீஷியன் என்னை இழுத்துக்கொண்டு போனார். பென்ஷன் வீட்டு அம்மா ரத்தம் எடுத்து முடிக்கும்வரை அழுதுகொண்டிருந்தார். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, ஒரு நம்பர ஒழுங்கா எழுதவா இம்புட்டுப் படிச்ச?" கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "எடு. ரெண்டு பேருல ஒருத்திக்கு இருக்குல்ல? சட்டுனு பாரு."

முடிவு வந்தது. புற்று மீன்காரம்மாவுக்குத்தான். தலைவர் சொன்னது சரி! "இதுக்குத்தான் இத்தன நாளு வீணாக்குனீங்களா?" என்று அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "அன்னைக்கி அது நமக்குத் தெரியாது சார்" என்றார் டெக்னீஷியன், குரலை உயர்த்தாமல். அந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தலைவரின் ஊகம் பலித்ததை இன்றும் சிலர் எனக்கு நினைவூட்டுகிறார்கள். பலிக்காத ஊகத்தைக் காட்டிலும் பலித்த ஊகத்தைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன். அடுத்த முறையும் ஊகிக்கத் தைரியம் கொடுப்பது அதுதான். நடந்ததை, என் தவறு என்று என் பெயரோடு, பதிவேட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார் தலைவர். கிழிக்கவில்லை. நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. ஆனால் டெக்னீஷியன் வேலையை இழந்த பிறகுதான் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் இப்போது தருமபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். மீன்காரம்மா சிகிச்சை முடிந்து மறுபடி கூடை தூக்கியபோது முதல் மீன் டெக்னீஷியன் வீட்டுக்குத்தான் போனதாம். எனக்கு வரவில்லை, வர நியாயமும் இல்லை.

போன வாரம் அச்சு இயந்திரம் மக்கர் செய்து, ஒரு கண்ணாடித் துண்டு எண் இல்லாமல் வந்தது. அவசரத்தில் இருந்த ஒரு பெரிய ஆராய்ச்சியாளர், "எதுன்னு நமக்குத் தெரியாதா? போட்ருங்க மேடம்" என்றார். நான் இழுப்பறையைத் திறந்து அந்தப் பென்சிலை அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே எழுதி, பக்கத்துல கையெழுத்தும் போட்ருங்க சார்."

அவர் எடுக்கவில்லை.