சந்திரமதி விழுங்கிய அயோடின்

சிங்கப்பூரின் பிடோக்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் கூடத்தில் சந்திரமதி இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சோதனைக் குழாய் கழுவி வந்தார். ஆசிரியர்கள் மாறினார்கள், பாடத்திட்டம் மாறியது. தனிம அட்டவணை மட்டும் சுவரில் அதே ஆணியில் தொங்கியது. நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களும் அவருக்கு அத்துப்படி. ஓர் அணுவின் நடுவில் இத்தனை புரோட்டான் என்றால் அது இந்தத் தனிமம், அதற்கு மேல் பேச்சே கிடையாது. இந்த ஒழுக்கம் உறவினர்களிடம் இல்லையே என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. குறிப்பாக, கணவர் வடிவேலுவின் அக்கா மரியம்மாளிடம்.

ஐம்பத்து நான்காம் வயதில் சந்திரமதியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டுப் புற்று என்றார்கள். சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்காவது பதுங்கியிருந்தால் அதைக் கொல்ல அயோடின் மாத்திரை ஒன்றை விழுங்க வேண்டும் என்றார்கள்.

அந்த வைத்தியத்தின் சூழ்ச்சியைச் சந்திரமதி உடனே புரிந்துகொண்டார். தைராய்டு செல்லுக்கு அயோடின் மேல் தீராத பசி. அயோடின் என்றால் ஐம்பத்து மூன்று புரோட்டான், வெளியே சுற்ற ஐம்பத்து மூன்று எலெக்ட்ரான். செல் பார்ப்பது இந்த வெளித்தோற்றத்தை மட்டுமே. அணுவின் நடுவில் நியூட்ரான் எழுபத்து நான்கா, எழுபத்தெட்டா என்று அது எண்ணுவதில்லை. பட்டுச்சேலை கட்டியிருந்தால் போதும், யார் வீட்டு ஆள் என்று கேட்காமல் பந்தியில் உட்கார வைக்கும் கல்யாண மண்டபம் மாதிரிதான். நான்கு நியூட்ரான் கூடுதலாக உள்ள அயோடின் உள்ளே போய் உட்கார்ந்து, உடைந்து, கதிரை வீசிப் பந்தியையே கொளுத்திவிடும். எட்டு நாளில் பாதி உடையும். மீதியில் பாதிக்கு இன்னும் எட்டு நாள். அதுவரை விழுங்கியவரின் உடம்பும் கதிர் வீசும். ஆகவே இரண்டு வாரத்துக்குக் கர்ப்பிணிகள் பக்கம் போகவே கூடாது என்று மருத்துவமனை எழுதியே கொடுத்தது.

மகள் நிரஞ்சனாவுக்கு ஏழாம் மாதம்.

தோ பாயோ வீட்டில் சந்திரமதி, வடிவேலு, மரியம்மாள் மூவரும் கூடி இதை ஆராய்ந்தார்கள். மாத்திரையை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று, ஒருமுறை தைப்பூசத்துக்காக, ஒருமுறை மரியம்மாளின் பேத்தி காதுகுத்துக்காக. இனி முடியாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வளைகாப்பையோ பஞ்சாங்கம் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்த ரசீது மறுபக்கம் பிடித்துக்கொண்டது.

“அவகிட்ட உண்மைய சொல்லிடலாம் அண்ணி,” என்றார் சந்திரமதி.

“வாயும் வயிறுமா இருக்கிற புள்ள காதுல அந்தப் பேரு விழலாமா? போன தடவ அஞ்சாம் மாசத்துல கலைஞ்சுது, ஞாபகம் இருக்கா? கழுத்துல கொழுப்புக் கட்டின்னு தானே சொல்லி வெச்சிருக்கோம். அப்படியே இருக்கட்டும்.”

“அப்ப கோவிட்னு சொல்லுவோம்.”

“நல்ல காரியத்துல எந்த நோயும் பேரு சொல்லி உள்ள வரக்கூடாது,” என்று மரியம்மாள் தீர்ப்பளித்தார். “பிள்ளைங்களுக்கு ப்ராக்டிகல் எக்ஸாம், லீவு தரலன்னு சொல்லு. முடிஞ்சது லா.”

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. அன்று சிங்கப்பூரில் எந்தப் பள்ளியும் தேர்வு நடத்துவதில்லை என்ற சிறு உண்மை மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அறிவியல் கூடத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவருக்கும்தான்.

மாத்திரையை விழுங்கி, மருத்துவமனைத் தனியறையில் மூன்று நாள் இருந்துவிட்டு வெள்ளியன்று சந்திரமதி வீடு திரும்பினார். ஞாயிறு காலை வாசல் கிரில் திறக்கும் சத்தம் கேட்டது. வடிவேலு தன் மகளைக் கூடத்திலேயே நிறுத்திவைக்க அரும்பாடு பட்டார்.

“நிரு, அம்மா... அம்மா தூங்குறாம்மா.”

“எக்ஸாம் ஹால்லயா தூங்குறாங்க? தள்ளுங்கப்பா!”

சந்திரமதி படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, ஜன்னலோரம் ஒதுங்கினார். பத்தடி. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பிளைவுட் கதவு கதிருக்குக் கண்ணாடி மாதிரி என்பதும் தெரியும்.

“அம்மா, சண்டேல எந்த ஸ்கூல்லம்மா எக்ஸாம்? நான் என்ன பச்சப் புள்ளயா?”

“நேரமாச்சு, கீழ போம்மா. அத்தை காத்துகிட்டு இருப்பாங்க.”

“வேப்பிலைக் காப்பு எடுத்துட்டு வந்திருக்கேன். முதல் காப்பு நீ தான் போடணும். போடாம நான் போக மாட்டேன்.” முதுகு கதவில் உரசிக் கீழே இறங்கும் சத்தம். “இங்கயே உக்காந்துட்டேன். என்ன பண்ணுவ?”

சந்திரமதிக்கு இனி நகர்வதற்கு இடமில்லை; முதுகு ஜன்னல் கம்பியில் இடித்தது. வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு இந்நேரம் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பட்டாணி அளவுகூட இருக்காது. உண்மையைச் சொன்னால் மகள் எழுந்து போவாள். ஆனால் எந்த நெஞ்சோடு போவாள்? சொல்லாவிட்டால் போகவே மாட்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கடிகார முள் நகர்ந்தது. நான்காவது நிமிடத்தில் சந்திரமதி வாயைத் திறந்தார்.

“போன தடவ நான் உன் பக்கத்துலயே தானே இருந்தேன்? தங்குச்சா? ஒரு புள்ளய வெச்சுக்கத் தெரியாத உடம்பு உனக்கு. இதையும் நான் வந்து நின்னு பாக்கணுமா? என்னால முடியாது. போ!”

வெளியே கனத்த உடம்பு ஒன்று சுவரைப் பிடித்து எழுந்தது. வடிவேலு “நிரு, நிரு” என்று பின்னாலேயே போனார். கிரில் சாத்திக்கொண்டது. கீழ்த்தளத்தில் வேப்பிலைக் காப்பை மரியம்மாளே போட்டார். விழா வெகு சிறப்பாக நடந்தது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில் ஓர் இளைஞர் சந்திரமதியின் கழுத்தருகே கருவியைப் பிடித்துப் பார்த்து, இனி யார் பக்கத்திலும் தாராளமாக உட்காரலாம் என்றார். மிகவும் நல்ல செய்தி. சந்திரமதி அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். எடுத்தவர் மருமகன் அகிலன்.

“அத்தை, அவ பேச மாட்டேங்கறா. டெலிவரிக்கும் நீங்க வர வேணாமாம். என்னாச்சு அத்தை? என்கிட்டயாவது சொல்லுங்க.”

அகிலனுக்கு மனைவியிடம் எதையும் மறைக்கத் தெரியாது. அதற்காகவே இந்த மாப்பிள்ளையைச் சந்திரமதிக்குப் பிடித்துப்போயிருந்தது. பிள்ளை பிறக்க இன்னும் பத்து வாரம் இருந்தது.

“ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. அவ சொல்றபடியே செய்யுங்க. டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரைய மட்டும் விடாம போடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”