கவரில் ஊசி, கையில் ஸ்ப்ரே

என்னோடு நர்ஸ் பயிற்சி முடித்தவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பொறுமையக்கா என்பார்கள். பொறுமை துளியும் கிடையாது என்பதால் வந்த பெயர். ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கையில், முழங்கால் வலிக்காரி என்று இரங்கி, அவளை மாடிப்படி ஏறிப் போகும் வார்டிலிருந்து பள்ளிக்கூடத்து ஃப்ளூ ஆய்வுக்கு மாற்றினார்கள்.

பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி. அதில் இருப்பது செயலிழக்க வைத்த வைரஸ். மறுபாதிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. அதில் வைரஸுக்கு உயிர் உண்டு, வலுதான் குறைவு. எது நன்றாகக் காக்கிறது என்று குளிர்காலம் முழுக்கப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெற்றோர் சம்மதித்திருந்தார்கள். யாருக்கு எது என்பதை மூடிய கவர் சொல்லும். நர்ஸ் தன் இஷ்டத்துக்கு மாற்றினால் ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை.

முதல் நாள் தொண்ணூறு பிள்ளைகள். கடைசியாக வந்தது மூன்றாம் வகுப்புப் பெண். கவரில் ஊசி. அவள் மேசைக்கடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"சிஸ்டர், மூக்குலயே அடிச்சு விடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பொறுமையக்காவால் குனிய முடியவில்லை. ஸ்ப்ரேயை அடித்து அனுப்பிவிட்டு, பதிவேட்டில் 'ஊசி' என்று எழுதினாள்.

பெட்டியை மூடும்போது ஒரு ஊசி மிச்சம் இருந்தது. அதைக் குப்பையில் போட்டால் முடிந்தது. சொன்னால் மறுபடி வார்டு, மாடிப்படி. ஊசியைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தாள். பிறகு ஆய்வு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஒரு பொண்ணுக்குக் கவர் சொன்னத மாத்திட்டேன் டாக்டர். பதிவேட்டுலயும் பொய் எழுதிட்டேன்."

"ஏன் சிஸ்டர்?"

"கால் வலி."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "கணக்குல அந்தப் பொண்ணு கவர் சொன்ன குழுவுலயே இருக்கட்டும். எதக் குடுத்தீங்களோ அத எழுதுங்க. பழசு தெரியற மாதிரி ஒரே கோடா அடிச்சு, கையெழுத்துப் போடுங்க. இனிமே மருந்து குடுக்கற வேலை உங்களுக்கு வேண்டாம்."

"வார்டுதானா?"

"இல்ல. காய்ச்சல் வர்ற பிள்ளைங்க வீட்டுக்குப் போய் மூக்குல சாம்பிள் எடுக்கணும்."

ஆறாவது வாரம் அந்தப் பெண்ணுக்கே காய்ச்சல். வீடு நான்காவது மாடி; லிஃப்ட் ஓடவில்லை. மூச்சிரைக்க வந்தவள் கையில் நீளக் குச்சியைப் பார்த்ததும் பெண் போர்வைக்குள் போனாள்.

"அது எவ்வளவு தூரம் உள்ள போகும்?"

"ரொம்ப தூரம்."

"அப்ப அன்னைக்கு ஊசியே போட்டிருக்கலாம்."

"எனக்கும் அதான் நல்லதா இருந்திருக்கும். அண்ணாந்து பாரு."

குச்சியைக் குழாயில் போட்டு மூடி, எண்ணும் தேதியும் எழுதினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.