கருவாட்டுக் குழம்புக்கு மறுநாள்

தண்டையார்பேட்டையில் எடை குறைப்பு வகுப்பு நடத்திய அக்கா, முதலில் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது. எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. கால் வீக்கம் வடிந்திருந்தது, ஜாக்கெட் மட்டும் அதே இறுக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். மறுநாள் மெஷின் பழைய எடையையே காட்டியது.

"இன்னாமா, திருட்டுத்தனமா பிரியாணி துன்னியா?" என்றார் அக்கா.

"கருவாடுதான்க்கா. அந்த உப்புக்கு ஒடம்புல தண்ணி கோத்துக்கிச்சு. ஒரே நாள்ல ரெண்டு கிலோ கொழுப்பா ஏறும்? அன்னிக்கு எறங்குனதும் தண்ணிதான?"

அக்கா, தான் விற்கும் எடை குறைக்கிற பவுடர் டப்பாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. வகுப்பையும் விட்டுவிட்டேன். கால் வீங்காமல் இருப்பதால், உப்பை மட்டும் இன்றும் குறைத்தே போடுகிறேன்.