சுண்ணாம்புச் சுரங்கமும் என் எல்ஈடி விளக்கும்

மகள் நிருபாவின் பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அட்டைப்படம் மட்டும் இல்லை. நானே எடுக்கிறேன் என்று வீட்டில் சவால் விட்டுவிட்டு, மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் டென்மார்க்கின் வைலே நகரிலிருந்து காரில் கிளம்பினோம். வீபோர்க் நகரத்துக்கு அப்பால், ஆட்கள் சுற்றிப் பார்க்கப் போகிற மொன்ஸ்டெட் பழைய சுண்ணாம்புச் சுரங்கம்; அதன் சுவர்தான் நான் நினைத்த பின்னணி. ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.

"உந்த ஃபோனாலயோ? திங்களுக்கு ஸ்டூடியோவில நேரம் கேட்டு வைச்சிட்டன்," என்றார் என் கணவர், வண்டியை ஓட்டியபடி.

எனக்கு வந்ததே கோபம்! ஃபோனில் கொழுவுகிற எல்ஈடி விளக்கு ஒன்றை நூற்றைம்பது குரோனருக்கு வாங்கி, சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். பார்ப்போமே!

சுரங்கத்துக்குள் எட்டுப் பாகைக் குளிர். வழியை மறிக்காமல் படம் எடுக்கலாம் என்றார்கள் அங்கே வேலை செய்பவர்கள். நிருபா நாட்டிய உடைக்கு மேல் போட்டிருந்த ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு அரைமண்டியில் நின்றாள். விளக்கைப் போட்டு ஒரு படம் அமுக்கினேன். ஐயோ! மேடைக்குப் போடுகிற அதே தடிப்பில் நான் அப்பிய பவுடர், முகத்தில் அரிசிமா கொட்டியதுபோல் வெளுத்துப் போயிருந்தது. நெற்றிச்சுட்டி கண்ணைக் கூச வைத்தது. மேடை விளக்கு எட்ட நிற்கும், இது மூக்குக்கு முன்னால் நிற்கிறதே! பேய் மாதிரி இருக்கிறேன் என்று டேனிஷில் சிணுங்கினாள் பிள்ளை.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் இவர்.

விடுவேனா? கைப்பையில், வழியில் காரில் சாப்பிட்ட ரோல்ஸைச் சுற்றிவந்த மெல்லிய பேக்கிங் தாள் இருந்தது. எண்ணெய் ஊறிய பக்கத்தைக் கிழித்து, விளக்கின்மேல் மடித்துத் தலைமுடி றப்பரால் கட்டினேன். வெளிச்சம் மெத்தென்று வந்தது. விளக்கை ஃபோனிலிருந்து கழற்றி இவர் கையில் திணித்தேன்.

"இஞ்சாருங்கோ, பக்கத்தால உயர்த்திப் பிடியுங்கோ."

"கை உளையுதப்பா."

"வாயும் உளையட்டும்."

நாலாவது படம். அடடா, அவளுடைய அசல் நிறம்! கண்ணில் மை தெரிந்தது, பின்சுவர் மங்கலாகப் பொன்போல் நின்றது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. இவர் படத்தைப் பெரிதாக்கி, திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"திங்கள் வரேல்லையெண்டு ஸ்டூடியோவுக்குச் சொல்லிவிடுறன்," என்றார்.

போகிறவர்கள் தடித்த ஜக்கெற் கொண்டுபோங்கள். குளிரில் சார்ஜ் கெதியாக இறங்கும். விளக்கை ஃபோனோடு ஒட்டி வைக்காதீர்கள். பக்கத்தில் பிடிக்க ஒரு கணவர் போதும். ரோல்ஸைக் காரிலேயே சாப்பிடுங்கள், தாளை மட்டும் எறியாதீர்கள்.

நிருபா எங்களோடு டேனிஷில்தான் கதைப்பாள். அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது பார்த்தேன், அடி மூலையில் அவளே தமிழில் அடித்துச் சேர்த்திருந்தாள்: "படம்: அம்மா."