நீ ஏன் கோபமென்று நான் சொல்கிறேன்

பதினைந்து வயதுப் பிள்ளைகள் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள், எப்படி அதைத் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று அறிய எனக்கு அடங்காத ஆவல். இப்படி அடுத்தவர் கதையைத் துருவுவதை மகள் "விடுப்புப் பார்க்கிறது" என்பாள். இருக்கட்டுமே!

அவளுடைய உயிர்த் தோழி கொட்டாஞ்சேனைக்காரி. சனிக்கிழமைகளில் இருவருக்கும் வெள்ளவத்தையில் கணித ரியூசன் வகுப்பு. முடிந்ததும் பக்கத்து மாடிக் கட்டடத்தில் இருக்கும் எங்கள் பிளற்றில் சாப்பிட்டுவிட்டுத்தான் அவள் பஸ் ஏறுவாள். ஆறு வருடப் பழக்கம் அது.

அந்தத் தவணைப் பரீட்சையில் இருவரும் பள்ளிக்கூடத்தில் கணிதம் பெயில். வீட்டில் சொல்லி அழுத என் மகள், ரியூசன் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று தோழியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தோழியோ ரியூசனில் எல்லோருக்கும் முன்னால், "நாங்கள் ரெண்டு பேரும் பெயில்" என்று போட்டுடைத்துவிட்டாள்.

மகள் வட்ஸ்அப்பில் அவளை புளொக் பண்ணினாள். அடுத்த சனிக்கிழமை தனியாக வந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். இத்தனை வருடச் சிநேகிதம் போய்விடப்போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தோழியின் தாய்க்குப் போன் எடுத்தேன்.

"உங்கட மகளும் பெயில்தானே? பிறகேன் என்ர பிள்ளையின்ர மானத்தை வாங்கோணும்?"

"என்ன கதைக்கிறீங்கள்?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி அந்த மனுசியோடு கதையே இல்லை என்று முடிவெடுத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை பார்த்தால், தோழி வாசலில் நிற்கிறாள்! இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் உடுப்பு மடிக்கிற சாட்டில் கதவடியில் நின்றுகொண்டேன்.

"முதல்ல நான் உன்ர பக்கத்தைச் சொல்லுறன்" என்றாள் என் மகள். "தனியப் பெயில் எண்டு சொல்ல உனக்கு வெக்கம். அதுதான் என்னையும் சேர்த்துச் சொன்னனி. சரியோ?"

"ஓம். இப்ப உன்ர பக்கம். நீ என்னை நம்பிச் சொன்னனி. மற்றவை சிரிக்கேக்க நானும் சேர்ந்து சிரிச்சிட்டன். அதுதான் உனக்குக் கூடுதலா நொந்தது."

"ஓம்" என்றவள் விம்மினாள். பிறகு மூக்குச் சிந்தும் சத்தம், அதன் பிறகு சிரிப்பு. அட, இவ்வளவுதானா! இதை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கதவு திறந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"அம்மா, இப்ப நீங்கள்" என்றாள் மகள். "இவளின்ர அம்மாவுக்கு உங்களோட ஏன் கோவம்? அவவின்ர பக்கத்தைச் சொல்லுங்கோ பாப்பம்."

"அவவுக்குத் தலைக்கனம்."

"அது உங்கட பக்கம்."

தோழி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் பெயில் எண்டு வீட்டில சொல்லேல்ல அன்ரி. நீங்கள் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும்."

"அம்மா அடிச்சவவோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"அடிக்கேல்ல, அன்ரி. அழுதவ."