புரியாணிச் சட்டியும் சுடுதண்ணிக் கிணறும்

போன சனிக்கிழமை நடுப்பகல். வீதியோர மர நிழலில் பாயை விரித்து, புரியாணிச் சட்டிக்குக் காவலாக நான் உட்கார்ந்திருந்தேன். அதன் வாய்க்கட்டை அவிழ்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன்!

எதிரே நான்கு ஆண்கள். குளித்து முடித்து, தலை துவட்டி, நல்ல பசியோடு நின்றார்கள். என் இரண்டு மகன்மார், தங்கை பரீனாவின் கணவர் நசீர், அப்புறம் என்னை நிக்காஹ் செய்து முப்பத்தொரு வருடமாகிற என் கணவர்.

எதற்கு இந்தப் பிடிவாதம்? சொல்கிறேன்.

கல்முனையிலிருந்து அம்பாறை, மகா ஓயா வழியாகக் கண்டிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்துச் சுடுதண்ணிக் கிணறுகள் தெரிந்திருக்கும். அப்படி ஓரிடத்தில்தான் நின்றோம். எதுவென்று சொல்ல மாட்டேன்... சொன்னால் அடுத்த சனிக்கிழமை நீங்களெல்லாம் வேன் பிடித்து வந்துவிடுவீர்கள். சீமெந்துக் கட்டு வைத்த நாலைந்து கிணறுகள். ஒன்றில் விரலை வைக்க முடியாது. பக்கத்திலிருப்பது உடம்புக்கு இதமான சூடு. அடுப்புமில்லை, விறகுமில்லை — அல்லாஹ் நிலத்துக்கடியில் சூடாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.

அங்கே இதற்கு முன் நான்கு தடவை போயிருக்கிறேன். எத்தனை தடவை குளித்தேன்? ஒரு தடவைகூட இல்லை.

எங்கள் பயணங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. வேன் நிற்கும். ஆண்கள் சாரனை மாற்றிக்கொண்டு கிணற்றுக்குப் போவார்கள். நாங்கள் பாய் விரிப்போம். அவர்கள் கழற்றிப் போட்ட மணிக்கூடு, போன், செருப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம். "மாஷா அல்லாஹ், என்ன தண்ணி!" என்று திரும்பி வருவார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் சோற்றைப் போட்டுக் கொடுப்போம். சாப்பாடு முடிந்ததும் வேன் புறப்பட்டுவிடும். திறந்த வெளியில் பொம்பிளைகள் எப்படிக் குளிப்பது என்பதோடு கதை முடிந்துவிடும்.

ஆனால் இந்தமுறை எனக்கு முழங்கால் வலி இருந்தது. இருபத்தெட்டு வருடம் வகுப்பறையில் நின்ற கால். போன நோன்பிலிருந்து கதிரையில் இருந்துதான் தொழுகிறேன். சுஜூதில் நெற்றி நிலத்தில் படாமல் இத்தனை மாதம்... அந்தத் துக்கம் எனக்குத்தான் தெரியும். சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் டொக்டர். தினமும் கேத்தலில் கொதிக்கவைத்து, துணியை நனைத்து, பிழிந்து, வைத்து — ஒரு நிமிடத்தில் ஆறிவிடும். இப்படி இருக்கையில், கிணறு கிணறாகச் சுடுதண்ணி வழியில் கிடக்க, நான் செருப்புக்குக் காவல் இருப்பதா?

முதல்நாளே பழைய சட்டை, துவாய், வாளி, நான்கு படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிவிட்டேன். பரீனாவிடமும், மூத்த மகனின் மனைவியான மருமகளிடமும் மட்டும்தான் சொன்னேன்.

"ராத்தா, மச்சான் ஏசுவாருகா" என்றாள் பரீனா.

"ஏசட்டும்."

ஆண்கள் குளித்துவிட்டு வந்ததும் விஷயத்தை உடைத்தேன். "நாங்க மூணு பேரும் குளிச்சிட்டு வாறம். பிறகுதான் சட்டி."

"இதென்ன கதை?" என்றார் கணவர். "ரோட்டால போற ஆக்களெல்லாம் பாக்கிற இடம்."

"அதுக்குத்தானே நீங்க நாலு பேர் இரிக்கிறீங்க. விரிப்பப் புடிச்சிக்கிட்டு, அங்கால பாத்துக்கிட்டு நில்லுங்க."

"வாற வழியில பாப்பம்."

"நாலு முறையும் பாத்திட்டன். வாற வழியில ஒரு முறையாவது வேன் நிண்டிச்சா?"

அவர் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "குளிக்கணும் எண்டு நீ ஒரு நாளும் சொல்லல்லயே?"

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மைதான், நான் சொன்னதில்லை. அவராகக் கேட்பார் என்று நான்கு பயணம் காத்திருந்தேன். கேட்கவில்லை என்று கறுவிக்கொண்டு கண்டிவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். என்ன என்று அவர் கேட்டால், தலையிடி என்று பொய் சொன்னேன். நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகச் சட்டியைத் திறந்துவிட முடியுமா?

"இப்ப சொல்றன். குளிக்கணும்."

நசீர்தான் முதலில் சிரித்தார். "வாங்க மச்சான், புடிப்பம். பசிக்கிது!"

நான்கு விரிப்பு, நான்கு மூலை, நான்கு ஆண்கள். முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி நின்றார்கள். முதல் வாளியை முழங்காலில் ஊற்றினேன். சுரீர் என்றது. இரண்டாவது வாளியில்... அப்பாடா! எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீனா சின்னப் பிள்ளை மாதிரிக் கத்திச் சிரித்தாள். மருமகள் இறைத்து இறைத்து ஊற்றினாள்.

முழங்கால் சுகமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். இல்லை. அன்று நடுப்பகல் லுஹர் தொழுகையையும் கதிரையில்தான் தொழுதேன். ஆனாலும் அந்த அரை மணித்தியாலத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், இன்னொரு வேன் நிற்கிறது. பாலமுனை ஆட்கள். அவர்களுடைய ஆண்கள் அடுத்த கிணற்றில் தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருக்க, மூன்று பெண்கள் எங்கள் விரிப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி மெதுவாகக் கிட்ட வந்தாள்.

"ராத்தா, உங்கட ஆக்கள இன்னும் கொஞ்சம் இப்பிடியே நிக்கச் சொல்லுங்களன். நாங்களும் ரெண்டு வாளி ஊத்திக்கிட்டு வாறம்."

கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தொய்ந்திருந்த விரிப்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நாலு பயணத்துக் கோபமும் போய்விட்டது.

மூன்று பெண்களும் உள்ளே போனார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. வீதியில் இன்னொரு வேன் வேகத்தைக் குறைத்தது.

அவர் முகத்தைத் திருப்பாமல் கேட்டார்: "இஞ்ச... இன்னும் எத்தின வேன் வரும்?"

"வரட்டும்" என்றேன்.